குமரிக் காற்றில் பழைய கம்பளம்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் புது வீடு கட்டுகிறவர்களின் பட்டியலில் இப்போது புதிதாக ஒரு பழைய பொருள் சேர்ந்திருக்கிறது. இன்டீரியர் செய்கிறவர் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டும்போதே ஹாலில் சோஃபாவுக்கு முன்னால், ஓரம் கொஞ்சம் நைந்து, சிவப்பும் நீலமுமாக ஒரு ‘விண்டேஜ் ரக்’ கிடக்கிறது. படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஜெய்ப்பூர் வீடு ஒன்றில் அதே கம்பளம் ஐம்பது வருடம் கவலையில்லாமல் கிடக்கும். இது வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிற மாவட்டம். ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. ஆகவே அழகை இரண்டாவதாக வைத்துக்கொள்வோம். ஈரத்தைத் தாங்குமா, வீட்டில் இருக்கிற இரண்டு பேர் சேர்ந்து தூக்கி மொட்டைமாடியில் காயப்போட முடியுமா? இந்த இரண்டுக்கும் பதில் சரியாக இருந்தால்தான் மற்ற பேச்சு.

திருவிதாங்கூர் காலத்து வீடுகளில் தரையே அலங்காரமாக இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரையைச் சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்ததாகச் சொல்வார்கள், இன்றைக்கும் மின்னுகிறது. அதன்மேல் எதையாவது விரிக்க யாருக்கு மனசு வரும்? உட்காரத் தழைப்பாய், வந்தவர்களுக்குக் கோரைப்பாய், கல்யாண வீட்டுக்கு ஜமக்காளம். எல்லாமே வேலை முடிந்ததும் சுருட்டி மூலையில் சாத்துகிற சாமான்கள். ஓதம் ஏறுகிற ஊருக்கு அது மிகச் சரியான ஏற்பாடு. தரையிலேயே நிரந்தரமாகக் கிடக்கிற கம்பளம் வறண்ட நாட்டுப் பழக்கம். உலகில் கிடைத்திருக்கிற மிகப் பழைய முடிச்சுக் கம்பளம் சைபீரியாவின் அல்தாய் மலையில், பசிரிக் என்ற இடத்துக் கல்லறையில் 1949-ல் கிடைத்தது. ஏறத்தாழ 2,400 வருடம் அது அழியாமல் இருந்ததற்குக் காரணம், கல்லறைக்குள் புகுந்த தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து அதை மூடிக்கொண்டதுதான். நம் ஊரில் ஒரு கார்த்திகை மழைக்குக் கட்டிலுக்கடியில் மறந்துவிட்ட கம்பளி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதற்காகப் பழைய கம்பளமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் இங்கேயும் நன்றாக இருக்கும்.

எவ்வளவு பழசு?

கம்பள வியாபாரத்தில் நூறு வருடம் தாண்டியதை ஆன்டிக் என்கிறார்கள். அதற்குக் கீழே, இருபது முப்பது வருடத்துக்கு மேலே உள்ளதெல்லாம் விண்டேஜ். இரண்டாவது சொல்லுக்குக் கறாரான எல்லை கிடையாது, விற்கிறவர் வாய்க்கு வந்ததுதான் கணக்கு. முதல் சொல்லுக்குப் பின்னால் நம் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத கைவினைப் பொருளும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். அதை விற்கும் தொழில் நடத்த உரிமம் வேண்டும். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. “நூத்தம்பது வருசப் பழசு, அண்ணாச்சி” என்று ஒருவர் சொன்னால், “அப்படியா, அதையே பில்லில் எழுதிக் கொடுங்க, லைசென்ஸையும் காட்டுங்க” என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு அந்த இடத்திலேயே கம்பளத்தின் வயது குறையும். வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிற பிள்ளைக்குப் பின்னால் கொடுத்தனுப்பலாம் என்று நினைத்து வாங்குகிறவர்களும் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

சில கம்பளங்களில் நெய்யும்போதே ஹிஜ்ரி வருடத்தை முடிச்சில் போட்டிருப்பார்கள். திட்டுவிளை, தக்கலைப் பக்கம் அரபி எண் வாசிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, கூட்டிக்கொண்டு போகலாம். அந்த எண்ணை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில வருடம் வரும். 1310 என்று இருந்தால் 1892 அல்லது 1893. ஆனால் இதிலும் வித்தை காட்டுவார்கள். அரபி எழுத்தில் மூன்றுக்கும் இரண்டுக்கும் ஒரு பல் தான் வித்தியாசம். அந்த ஒரு பல்லைப் பிரித்து எடுத்துவிட்டால் 1310 என்பது 1210 ஆகி, ஒரே நாளில் நூறு வயது ஏறிவிடும். எண் இருக்கிற இடத்தில் மட்டும் முடிச்சு புதிதாகவோ நிறம் கொஞ்சம் மாறியோ தெரிந்தால் அந்தத் தேதியை நம்ப வேண்டாம்.

இந்தியக் கம்பளங்களில் வயதானவை எங்கிருந்து வந்தன என்பது பலருக்குத் தெரியாத கதை. அக்பர் காலத்தில் பாரசீக நெசவாளர்கள் வந்து ஆக்ரா, லாகூர் தறிகள் வளர்ந்தன. அப்புறம் பிரிட்டிஷ் ஆட்சியில் சிறைக்குள் தறி போட்டார்கள். ஆக்ரா, லாகூர், பூனாவின் எரவாடா என்று பல ஜெயில்களில் கைதிகள் நெய்த கம்பளங்கள் இன்றைக்கு ஏலத்தில் ‘ஜெயில் கார்ப்பெட்’ என்ற பெயரிலேயே நல்ல விலைக்குப் போகின்றன. விக்டோரியா மகாராணிக்காக ஆக்ரா ஜெயிலில் நெய்த ஒன்று வின்ட்சர் கோட்டையின் வாட்டர்லூ மண்டபத்தில் கிடக்கிறது. எடை சுமார் 2 டன். 1992-ல் அந்தக் கோட்டையில் தீப்பிடித்தபோது அதைச் சுருட்டி நகர்த்த ஐம்பது ராணுவ வீரர்கள் வேண்டியிருந்ததாம். தெற்கே ஏலூர், மசூலிப்பட்டினம், வாலாஜாபேட்டை, தஞ்சைக்குப் பக்கத்து ஐயம்பேட்டை ஆகிய ஊர்களிலும் கம்பள நெசவு இருந்தது. இந்தத் தென்னிந்தியக் கம்பளங்கள் கைக்கு வருவது அபூர்வம். வந்தால், பாரசீகக் கம்பளத்தைவிட நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

திருப்பிப் போட்டுப் பாருங்கள்

கடையில் கம்பளத்தை விரித்துக் காட்டும்போது எல்லோரும் மேல்பக்கத்தைத்தான் பார்க்கிறோம். அதன் ஜாதகம் எல்லாம் முதுகில் எழுதியிருக்கிறது.

வடசேரி நெசவுக்காரர்களுக்குத் தெரிந்த அதே பாவும் ஊடையும்தான் கம்பளத்துக்கும் அடிப்படை. நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை. இரண்டு பாவு இழைகளைச் சேர்த்துக் கம்பளி நூலால் ஒரு முடிச்சுப் போட்டு, நுனியை வெட்டிவிடுவார்கள். ஒரு வரிசை முடிச்சு, அப்புறம் ஊடை, அப்புறம் அடித்து இறுக்குவது. இப்படி நெய்ததைத் திருப்பினால் மேலே உள்ள பூவும் கொடியும் பின்பக்கமும் அதே தெளிவோடு, சின்னச் சின்ன மேடுகளாகத் தெரியும். நிறங்களும் அதேபோல. ஓரத்துக் குஞ்சம் பாவு இழையின் மிச்சம். கம்பளத்துக்குள்ளிருந்தே வெளியே வந்திருக்க வேண்டும். குஞ்சத்தைத் தனியாக வைத்துத் தைத்திருந்தால் பெரும்பாலும் மிஷின் கம்பளம், அல்லது நுனி நைந்துபோய்ச் சரிசெய்த பழைய கம்பளம். எது என்பதை முதுகைப் பார்த்து முடிவு செய்யலாம்.

பின்பக்கம் முழுக்கத் துணி ஒட்டி மூடியிருந்தால் அங்கேயே யோசனை வர வேண்டும். அது டஃப்டட் ரகம். முடிச்சு எதுவும் கிடையாது. துணியில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் நூலைக் குத்தி ஏற்றி, பின்னால் ரப்பர் பால் பசை தடவி, இன்னொரு துணியால் மூடிவிடுவார்கள். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்துக்காரர்களுக்கு ரப்பரைப் பற்றி நான் சொல்லித்தரத் தேவையில்லை. வெப்பமும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் அந்தப் பசை சில வருடங்களில் காய்ந்து மாவாக உதிரும். கம்பளத்தைத் தூக்கிய இடத்தில் வெள்ளையாகத் தூள் கிடக்கும், புளித்த வாடை அடிக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது. டஃப்டட் கம்பளத்தைப் பழசு என்று சொல்லி விற்றால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

முடிச்சு எண்ணுவது பற்றி நிறைய வீராப்புப் பேச்சு நடக்கும். செய்வது சுலபம்தான். பின்பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒரு அங்குலத்தில் குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்று எண்ணிப் பெருக்க வேண்டும். ஒரு முடிச்சு இரண்டு பாவு இழைகளைச் சுற்றுவதால் சில கம்பளங்களில் ஒரே முடிச்சு இரண்டு மேடாகத் தெரியும். அதை இரண்டாக எண்ணிவிட்டால் கணக்கு இரட்டிப்பாகிவிடும், விற்கிறவருக்கும் அது வசதி. ஆறுக்கு நாலு அடிக் கம்பளத்தில் சதுர அங்குலத்துக்கு 150 முடிச்சு என்றால் மொத்தம் ஐந்து லட்சத்துக்கு மேல். ஒருவர் நாளைக்கு எட்டாயிரம் முடிச்சுப் போட்டாலும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். உழைப்பின் அளவு அதில் தெரிகிறது, சரி. ஆனால் முடிச்சு கூடினால் கம்பளம் உசத்தி என்று அர்த்தமில்லை. ஈரானின் ஹெரிஸ் கம்பளங்களில் முடிச்சு குறைவு, இழை தடிமன். கால்பட்டுத் தேய்வதற்கு அதைப்போல் தாங்குவது கொஞ்சம்தான். சதுர அங்குலத்துக்கு 300-க்கு மேல் முடிச்சுள்ள காஷ்மீர்ப் பட்டுக் கம்பளத்தை நம் ஊர் ஹாலில் விரித்து, தேங்காய் எண்ணெய் தேய்த்த காலோடு பிள்ளைகள் ஓடினால் மனசு ஆறாது.

இனி முக்கியமான சோதனை. கம்பளத்தின் ஒரு பகுதியை, முதுகு வெளியே இருக்கும்படி, இரண்டு கையாலும் மெதுவாக மடக்கிக் காதருகே வையுங்கள். நல்ல கம்பளம் சத்தம் போடாமல் வளையும். பருத்திப் பாவு நனைந்து நனைந்து உளுத்துப்போயிருந்தால் காய்ந்த சருகு ஒடிவதுபோல மெல்லிய சத்தம் வரும். மேலே கம்பளி பளபளவென்று இருக்கலாம், பூசணம் தின்றது உள்ளே இருக்கிற பருத்தியை. அப்படிப்பட்டதை ஒரு தடவை அலசினால் கையோடு கிழிந்து வரும். தென் கடற்கரை ஊர்களில் சுற்றிய கம்பளங்களில் இந்த நோய்தான் முதலில் பார்க்க வேண்டியது. ஒரு மூலையை மட்டும் மடக்கினால் போதாது. நடுவில், பூந்தொட்டி வைத்த வட்டக் கறை ஏதாவது தெரிகிற இடத்தில் கட்டாயம் மடக்கிப் பாருங்கள்.

நாலு பக்கக் கரையையும் பாருங்கள். மூன்று பக்கம் பூவேலைக் கரை இருந்து ஒரு பக்கம் மட்டும் இல்லையென்றால் கெட்ட பகுதியை வெட்டி எறிந்திருக்கிறார்கள். வெட்டிய கம்பளம் வீட்டுக்கு ஆகாது என்றில்லை, விலை ஆகாது. இழை ஒரே சீராகத் தேய்ந்து தாழ்ந்திருப்பது குறையே இல்லை, ஈர ஊருக்கு அது நல்லதும்கூட. தாழ்ந்த இழை சீக்கிரம் காயும். தேய்ந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் நிறம் தீட்டி மறைத்திருப்பதுதான் பித்தலாட்டம்.

நிறம் எப்படிப் பேசும்

1856-ல் லண்டனில் பதினெட்டு வயது வில்லியம் பெர்க்கின் மலேரியாவுக்குக் கொய்னா மருந்து செய்யப் போய், கைதவறி ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன்பின் சில பத்தாண்டுகளில் செயற்கைச் சாயம் கம்பளத் தறிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் சிவப்பு என்றால் பெரும்பாலும் மஞ்சிட்டி வகை வேர், நீலம் என்றால் அவுரி. ஆரம்பகாலச் செயற்கைச் சாயங்கள் வெயிலில் வெளுத்தன, தண்ணீரில் கரைந்தன. அதனால் 1870-ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் நெய்த கம்பளங்களில் இழையை விரலால் பிரித்து அடியைப் பாருங்கள். அடியில் பஞ்சுமிட்டாய் நிறமும் நுனியில் சாம்பல் நிறமுமாக இருந்தால் அந்தக் காலத்துச் சாயம் என்று ஊகிக்கலாம். வெயிலும் வயதும் செய்த வெளுப்பு அடியிலிருந்து நுனிவரை படிப்படியாகப் போகும். பிளீச் போட்டுப் பழசாக்கியது கோடு கிழித்தமாதிரி மாறும். தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழுப்பேற்றியதில் குஞ்சத்து வெள்ளை நூலும் ஒரேமாதிரி பழுத்திருக்கும்.

வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து ஒவ்வொரு நிறத்தின்மேலும் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் விட்டுவிடலாம். தினமும் தரை துடைக்கிற, மழையில் ஜன்னல் சாரல் அடிக்கிற வீடுகளில் சிவப்பு கரைந்து வெள்ளைப் பூவுக்குள் இறங்கிவிடும். ஒரே நீலப் பரப்பில் பட்டை பட்டையாக ஏறி இறங்குகிற சாயல் வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம். சாயம் ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் கொஞ்சம் மாறியதன் அடையாளம் அது, விஷயம் தெரிந்தவர்கள் அதற்காகவே வாங்குவார்கள். கறுப்பு, அடர்பழுப்பு இழை மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் நல்ல குறிதான். இரும்புச் சத்து சேர்த்த சாயம் நாள்பட நூலையே அரிக்கும், கம்பளத்தின் வயதுக்கு அது சாட்சி.

பட்டு என்று சொன்னால் இழையில் ஒரு துளி எடுத்துத் தீயில் காட்டச் சொல்லுங்கள். முடி கருகும் வாடை வந்தால் பட்டு அல்லது கம்பளி, காகிதம் எரியும் வாடை என்றால் பருத்தியோ, பட்டுபோல மின்னுகிற விஸ்கோஸ் என்ற செயற்கை நூலோ. குஞ்சத்திலிருந்து எடுத்துக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பட்டுக் கம்பளத்துக்கும் பாவு பருத்தியாக இருக்கலாம்.

எந்த வீட்டில், எந்தத் தரையில்

வாங்குவதற்கு முன் தரையைச் சோதிப்பது நல்லது. ஒரு முழத்துக்கு ஒரு முழம் கனமான பிளாஸ்டிக் தாளை எடுத்து, நாலு ஓரத்தையும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஓதம் ஏறுகிறது. பழைய வீடுகளின் கீழ்த்தளத்தில், குறிப்பாக வயல் பக்கத்திலும் குளக்கரையிலும், மழைமாதத்தில் செய்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம். மாசி, பங்குனியில் எல்லாத் தரையும் நல்ல தரைதான். ஓதம் ஏறுகிற தரையில் கம்பளிக் கம்பளம் போடக் கூடாது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரம் காட்டாது, அதுதான் ஆபத்து. மாடி அறை, மரத்தளம், கட்டிலுக்குப் பக்கம் ஒரு சின்ன விரிப்பு என்று இடத்தை மாற்றிக்கொள்ளலாம். சுவரில் மாட்டுவது இன்னும் நல்ல யோசனை, வெயில் படாத சுவராக இருந்தால். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1539-40 காலத்து அர்தபில் கம்பளத்துக்கு அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டும் விளக்குப் போடுகிறார்கள். நாம் மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கம்பளம் வெளுத்துப்போச்சு என்கிறோம்.

சிவப்பு ஆக்சைடு தரைமேல் சிவப்புக் கம்பளம் எடுபடாது, காசு கொடுத்ததே தெரியாது. அவுரி நீலமோ தந்த நிறமோ மேலோங்கிய கம்பளம் அதில் நன்றாக நிற்கும். வெள்ளை டைல்ஸ் என்றால் எதுவும் சரி, வழுக்குவதை மட்டும் கவனிக்க வேண்டும். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் அடியில் ஒரு பிடிப்பு வலை வேண்டும். கெட்டியான ரப்பர் ஷீட் வேண்டாம், அது ஈரத்தைச் சிறைபிடிக்கும், ஆக்சைடு தரையில் கறையும் விடும்.

என்னைக் கேட்டால், இந்த மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு இழை நிற்கிற கம்பளத்தைவிடத் தட்டையாக நெய்த பழைய விரிப்புதான் பொருத்தம். துருக்கி, ஈரான் கிலிம், வட இந்திய துரி, நம் பவானி ஜமக்காளம் எல்லாம் இந்த வகை. முடிச்சு இல்லை, இரு பக்கமும் விரிக்கலாம், எடை குறைவு, ஒரு காலை வெயிலில் காய்ந்துவிடும். பருத்தியில் நெய்ததைக் கம்பளி தின்னும் அந்துப்பூச்சி தொடாது. இராமபாணப் பூச்சியையும் கறையானையும் பார்த்துக்கொண்டால் போதும். பவானியில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தடித்த வண்ண நூலில் பட்டை பட்டையாக நெய்யத் தொடங்கிய இந்த ஜமக்காளத்துக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பந்தலுக்கும் பஜனைக்கும் விரித்து நைந்த அந்தப் பச்சை, சிவப்புப் பட்டைகள் பல வீட்டு மச்சில் இன்னும் சுருட்டிக் கிடக்கின்றன. பாரசீகம் தேடிக் கொச்சிக்குப் போவதற்கு முன்னால் ஒருதடவை மச்சில் ஏறிப் பார்க்கலாம். நல்ல பகுதியை மட்டும் எடுத்து ஓரம் கட்டினால் படுக்கையறைக்கு அருமையான விரிப்பு.

வளைகுடாவிலிருந்து முப்பது வருடம் முன்னால் வந்த கம்பளங்கள் பலவும் மிஷினில் நெய்த பாலிப்ரொப்பிலீன். பூச்சி அரிக்காது, உளுக்காது, உண்மையில் நம் மழைக்கு அதைவிட லேசானது கிடையாது. வீட்டில் இருந்தால் சந்தோஷமாக விரியுங்கள். விண்டேஜ் விலை கொடுத்து வாங்க மட்டும் வேண்டாம்.

வெளியே வாங்குவதென்றால் பக்கத்தில் மட்டாஞ்சேரி ஜூ டவுன், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு போன்ற பழம்பொருள் சந்தைகள் உண்டு. சுற்றுலா ஊர்களின் காஷ்மீரிக் கடைகளில் பெரும்பாலும் புதுக் கம்பளம். புதுசு என்று சொல்லி விற்றால் அதில் தப்பே இல்லை. முதலீடு என்று பேச்சு வந்தால், “அஞ்சு வருசம் கழிச்சு நீங்களே திருப்பி எடுத்துப்பீங்களா?” என்று ஒரு கேள்வி போதும். இரண்டு நாள் வீட்டில் விரித்துப் பார்த்துத் திருப்பித் தர ஒப்புக்கொள்கிற கடைக்காரரிடம் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

வாங்கிவந்த அன்றே ஹாலில் விரிக்காமல் மாடியில் முதுகுப்பக்கம் மேலே வரும்படி காலை வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு, இரண்டு பக்கமும் வேக்குவம் பிடியுங்கள். அந்துப்பூச்சிப் புழு இருந்தால் பின்பக்கம் மணல் மாதிரி கழிவும் வெள்ளை நூற்கூடும் தெரியும். வீட்டுப் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகக் கூடாது. அப்புறம் மாதம் ஒருமுறை தூக்கிப் பார்ப்பது, கட்டிலுக்கும் சோஃபாவுக்கும் அடியில் இருக்கிற பகுதியைத் திருப்பி வைப்பது, பினாயில் போட்டுத் துடைத்த தரை நன்றாகக் காய்ந்தபிறகே விரிப்பது. ஆனி பிறந்தால் சுருட்டி எடுத்துவிடுங்கள். மடிக்காமல், பழைய வேட்டியில் சுற்றி, வேப்பிலையோ அந்துருண்டையோ வைத்து, தரையைத் தொடாமல் பெஞ்சின்மேல். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். இரண்டு மழைக்கும் நடுவில் ஆவணி, புரட்டாசியில் வெயில் கிடைக்கிற நாள் பார்த்து ஒருதடவை பிரித்து உதறி மறுபடியும் சுருட்டி வைத்தால், தையில் மழை ஓய்ந்தபின் எடுத்து விரிக்கலாம்.